கொத்தார்ட் சுரங்கத்துக்கு வேறு காசா?

கேள்வி: அண்ணை, ஈஸ்டர் லீவில் ஊல்ம் நகரிலிருந்து காரில் பெலின்சோனா மாமி வீட்டுக்குப் போய், அங்கிருந்து மிலானும் பார்க்கப் போகிறோம். இரண்டு நாள் ஓட்டத்துக்கு சுவிசுக்கு 40 பிராங் விக்னெட் (நெடுஞ்சாலைக் கட்டண வில்லை) வேண்டுமா? ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து போகும் கொத்தார்ட் சுரங்கத்துக்கு வேறு காசு வாங்குவார்களா? ‘கட்டண வீதி வேண்டாம்’ என்று நவியில் (வழிகாட்டிக் கருவியில்) போட்டால் தப்பலாம் என்கிறார் இவர்.
— ஒரு வாசகி, யேர்மனி

பதில்: தங்கச்சி, அவர் சொல்வதைக் கேட்டால் சுவிசின் ஊர் வீதியெல்லாம் உருட்டி, கடைசியில் மலையடியில்தான் நிற்பீர்கள். ஈஸ்டர் நேரம் மேலே கணவாய்ப் பாதைகள் பனியில் மூடிக் கிடக்கும். பேசாமல் ஓட்டோபானுக்கு (நெடுஞ்சாலைக்கு) ஏறுவதென்றால் விக்னெட் வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் 200 பிராங் தண்டம், அதோடு விக்னெட் காசும்.

அந்த 40 இரண்டு நாளுக்கு மட்டுமில்லை. முந்தைய ஆண்டு டிசம்பர் 1 தொடங்கி அடுத்த ஆண்டு ஜனவரி 31 வரை 14 மாதம் செல்லும். மாமி வீடென்றால் ஒருமுறையோடு நிற்கவா போகிறீர்கள்? 1995 முதல் அதே விலைதான். 2013இல் அதை 100 ஆக்கப் பார்த்தார்கள். சனம் வாக்குப் போட்டு மறுத்துவிட்டது. இப்போது இலத்திரனியல் விக்னெட்டும் உண்டு. சுவிஸ் சுங்கத் திணைக்களத்தின் தளத்தில் நம்பர் பிளேட்டைக் கொடுத்து நேரே வாங்குங்கோ. தேடினால் முதலில் வந்து விழும் தரகுத் தளங்கள் மேலதிகமாகக் கறக்கும்.

கொத்தார்ட்டுக்கு வேறு காசில்லை, விக்னெட்டே போதும். ஆனால் 17 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒற்றைக் குழாய், அதற்குள்தான் இரு பக்க வாகனங்களும். இரண்டாவது குழாயை இப்போதுதான் குடைகிறார்கள். ஈஸ்டருக்கு சுரங்கத்தின் வடக்கு முனையான கெஷனன் வாசலில் மணிக்கணக்காகக் காத்து நிற்க வேண்டிவரும்.

ஊல்மிலிருந்து வருகிற உங்களுக்கு அந்த வழியே தேவையில்லை. மெமிங்கன், லிண்டாவ் வழியாக வந்து, ஒஸ்ரியாவுக்குள் ஃபெண்டர் சுரங்கத்தைக் கடந்து ஹோஹெனெம்ஸில் இறங்குங்கோ. எல்லையிலிருந்து அதுவரையுள்ள துண்டுக்கு 2019 டிசம்பர் முதல் ஒஸ்ரிய விக்னெட் தேவையில்லை. அந்த இறக்கத்தைத் தவறவிட்டு ஃபெல்ட்கிர்க் பக்கம் போனால்தான் வினை. இறங்கியதும் டீபோல்ட்சாவ் எல்லை, பிறகு சுவிஸின் ஏ13 ஓட்டோபான். கூர், சான் பெர்னார்டினோ சுரங்கம், நேரே பெலின்சோனா. அந்த வழியில் பாலத்துக்கும் சுரங்கத்துக்கும் தனிக்காசு கிடையாது. வளைவுகள் அதிகம், பின்சீட்டுப் பிள்ளைகளுக்குத் தலைசுற்றலாம்.

மிலானுக்கு இறங்கும்போது இத்தாலியில் வாசலில் நின்று காசு கட்ட வேண்டும். மஞ்சள் ‘ரி’ (T) மட்டும் போட்ட லேன், காசு தானாகக் கழியும் டெலிபாஸ் கருவி வைத்திருப்பவர்களுக்கு. அதற்குள் நுழையாதீர்கள்.

கேள்வி: சுவிஸ் விக்னெட்டைக் காட்டி மொன் பிளாங் சுரங்கத்தால் இத்தாலி போகலாமா?
— ஒரு வாசகர், பாரிஸ்

பதில்: ஏலாது தம்பி. அது பிரான்சையும் இத்தாலியையும் இணைப்பது, சுவிஸ் மண்ணைத் தொடுவதேயில்லை. காருக்கு ஒரு வழிக்கே 50 யூரோவுக்கு மேல். அதே வழியில் திரும்புவதென்றால் முதல் வாசலிலேயே இருவழிச் சீட்டு எடுங்கோ, அது மலிவு. எத்தனை நாள் செல்லுமென்று மட்டும் சீட்டைப் பார்த்துக்கொள்ளுங்கோ. மார்ட்டினி பக்கமிருந்து கிராண்ட் சான் பெர்னார் சுரங்கத்தால் போனாலும் விக்னெட்டுக்கு மேல் தனிக் கட்டணம்தான்.