பார்த்தார்களா, கணக்கிட்டார்களா? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நரம்புச் செல்களைப் பற்றிய கட்டுரையில், செல் சவ்வில் உள்ள கால்வாய் வழியே பொட்டாசியம் அயனிகள் வரிசையாக நகர்வதைக் கணினியில் ‘பார்த்திருக்கிறார்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். நான் வேதியியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். விதிகளை நாமே எழுதிக் கணினியிடம் கொடுக்கிறோம். அது அவற்றையே படமாக வரைந்து திருப்பித் தருகிறது. இதைப் பார்த்தது என்று சொல்லலாமா? இன்னொன்று: சோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சிறியது. பெரியது போகும் துளையில் சிறியது ஏன் போவதில்லை? மாலையில் தெருப் பிள்ளைகள் சிலர் என்னிடம் பாடம் கேட்க வருகிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள ஐயா,

‘பார்த்திருக்கிறார்கள்’ என்று எழுதியது என் பிழை. ‘கணக்கிட்டிருக்கிறார்கள்’ என்று கட்டுரையில் திருத்திவிட்டேன். ஆனால் போட்டதையே கணினி திருப்பித் தருகிறது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உங்கள் சோடியம் கேள்வியை வைத்தே அதைச் சொல்கிறேன்.

பார்த்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவர் அமெரிக்க விஞ்ஞானி ராடரிக் மெக்கின்னன். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் பொட்டாசியக் கால்வாயைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, அதன் அணுக்கள் இருக்கும் இடங்களை 1998இல் வெளியிட்டார். 2003இல் நோபல் பரிசு பெற்றார். அந்தக் கால்வாயின் குறுகலான பகுதி 12 ஆங்ஸ்ட்ராம் நீளம்தான் (ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாகப் பிரித்தால் ஒரு கூறு ஒரு ஆங்ஸ்ட்ராம்). சுவரிலிருந்து ஆக்சிஜன் அணுக்கள் உள்ளே பார்த்து நிற்கின்றன. தண்ணீரில் எந்த அயனியையும் நீர் மூலக்கூறுகள் சூழ்ந்திருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். குறுகலுக்குள் நுழைய அந்த நீரை உதற வேண்டும். அதற்கு ஆற்றல் செலவாகும். பொட்டாசியம் உதறினால் சுவரின் எட்டு ஆக்சிஜன்கள் அந்தச் செலவை ஈடுகட்டிவிடுகின்றன. சோடியத்துக்கு ஈடாவதில்லை. அதனால் அது நுழைவது பொட்டாசியத்தைவிடக் குறைந்தது 10,000 மடங்கு அரிது.

ஏன் ஈடாவதில்லை? சுவர் விறைப்பானது, பொட்டாசியத்தின் அளவுக்கே வார்த்தது, சோடியத்தை எட்டித் தொடாது என்பதே முதலில் சொல்லப்பட்ட விளக்கம். கரும்பலகையில் வரைய வசதியானது. நானும் பல ஆண்டுகள் அதையே நம்பியிருந்தேன். 2004இல் செர்கெய் நோஸ்கோவ், சிமோன் பெர்னெஷ், பெனுவா ரூ மூவரும் கணக்கிட்டபோது சுவர் விறைப்பாக நிற்கவில்லை. இரு அயனிகளின் ஆரங்களுக்கும் வித்தியாசம் 0.38 ஆங்ஸ்ட்ராம். சுவரின் அணுக்களோ வெறும் வெப்பத்தாலேயே அதைவிட அதிகமாக ஆடுகின்றன. அப்படி ஆடும் சுவர் சோடியத்தையும் நெருங்கியிருக்கலாமே? நெருங்க விடாதது ஆக்சிஜன்களின் எதிர்மின்னூட்டம் என்றார்கள். சிறிய அயனியைச் சுற்றிக் கூட வந்தால் அவை ஒன்றையொன்று தள்ளிக்கொள்கின்றன.

இதை யாரும் விதியாக எழுதிக் கணினிக்குக் கொடுக்கவில்லை, ஐயா. கொடுத்தவை அணுக்களின் மின்னூட்டம், பிணைப்புகளின் விறைப்பு, அயனி நீரில் கரையும்போது வெளிப்படும் ஆற்றலுக்கு ஒத்துவரும்படி சரிசெய்த சில எண்கள், நியூட்டனின் இயக்க விதி. ஒரு நொடியை 5 கோடி கோடிக் கூறுகளாக்கி, ஒவ்வொரு கூறிலும் பல்லாயிரம் அணுக்களின் மேல் விழும் விசைகளைக் கூட்டி, அணுக்களை இம்மியளவு நகர்த்திக்கொண்டே போகிறது சிமுலேஷன். ஒரு மைக்ரோ நொடிக்கு 50 கோடி முறை. பொட்டாசியத்தை விடு, சோடியத்தை நிறுத்து என்று எங்கும் எழுதியிருக்காது.

உங்கள் சந்தேகம் சரியாகச் சென்று தைக்கும் இடம் வேறு. பெரும்பாலான சிமுலேஷன்களில் அணுவின் மின்னூட்டம் மாறாத எண். உண்மையில் ஓர் அயனி அருகே வந்தால் பக்கத்து அணுவின் எலக்ட்ரான்கள் அதன்பக்கம் சாயும். அதை விட்டுவிடுவது ஒரு காரணம், கணக்கில் வரும் மின்னோட்டம் ஆய்வகத்தில் அளந்ததைவிடப் பலமுறை குறைவாக இருப்பதற்கு. (நல்ல நிலையில் இத்தகைய கால்வாய் ஒன்றில் நொடிக்குச் சுமார் 10 கோடி அயனிகள் கடக்கும்.) இன்னொரு வழக்கும் தீரவில்லை. குறுகலுக்குள் இரண்டு அயனிகளுக்கு நடுவே ஒரு நீர் மூலக்கூறு நிற்கிறது என்பது படிகத்திலிருந்து வந்த பழைய படம். 2014இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் நடந்த சிமுலேஷன்களில் நடுவே நீர் இல்லை. அயனிகள் நேருக்கு நேர் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு போயின. அதன் பிறகு அகச்சிவப்புக் கதிர் கொண்டு செய்த ஒரு சோதனை நீர் இருப்பதாகச் சொன்னது. அதே அளவீடு நீரில்லாத வரிசைக்கும் பொருந்தும் என்று மறுதரப்பு வாதிட்டது. இதைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். எனக்கு இந்தத் துறையின் மேல் இருக்கும் பிரியமே இந்தச் சண்டையால் வந்தது.

அவர்களுக்குக் கணினிப் படத்தைக் காட்டும் முன் வேறொன்று செய்து காட்டலாம். 1955இல் நரம்புகளை ஆராய்ந்த ஹாட்ஜ்கினும் கீன்ஸும் கணவாய் மீனின் நரம்பில் பொட்டாசியம் வரிசையாகத்தான் போகிறது என்று ஊகித்தபோது, இரண்டு அறைகளை ஒரு குறுகிய வழியால் இணைத்து, உள்ளே உலோகக் குண்டுகளைப் போட்டுக் குலுக்கிப் பார்த்தார்கள். வழி நீளமாக இருந்தால், குண்டுகள் குறைவான பக்கத்திலிருந்து அதிகமுள்ள பக்கத்துக்கு ஒரு குண்டு எதிர்த்துப் போய்ச் சேர்வது மிகவும் அரிதாகிவிடுகிறது. முன்னால் நிற்பவை வழிவிடுவதில்லை. ஒரு அட்டைப்பெட்டியும் நடுவில் ஒரு தடுப்பும் போதும். தடுப்பில் குண்டு ஒன்று மட்டும் நுழையும் அகலத்துக்கு வெட்டி, முதலில் மெல்லிய அட்டையாகவும், பிறகு பத்து அட்டைகளை ஒட்டித் தடிப்பாகவும் வைத்துக் குலுக்கச் சொல்லுங்கள். சைக்கிள் கடையில் பால்ரஸ் என்று கேட்டால் குண்டுகள் கிடைக்கும். ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் போட்டு, குறைவான பக்கத்தவற்றுக்கு வண்ணம் பூசியிருந்தால் எண்ணுவது எளிது.