180 டொலர் பிரேம் மல்லாவிக்கு வந்து சேரும்போது

கேள்வி: எனக்கு 27 வயது. வன்னியில், மல்லாவியில் இருக்கிறேன். ஒப்பந்த அடிப்படையில் களப் பணியாளர் வேலை. கைக்கு வரும் சம்பளம் 58,000 ரூபா. அம்மாவும் உயர்தரம் படிக்கும் தங்கச்சியும் என்னோடு. வேலைக்குப் போக வர 18 கிலோமீற்றர், எல்லாம் சைக்கிளில்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு வவுனிக்குளக் கட்டு, காட்டுப் பாதை என்று ஓடுவேன். என்னுடைய 26 அங்குல அலுமினிய மலைச்சைக்கிளின் பிரேம் சீற் குழாயடியில் வெடித்துவிட்டது. இணையத்தில் 29 அங்குலச் சில்லுக்கான அலுமினிய பிரேம் ஒன்று 180 டொலருக்குக் கிடக்கிறது. அனுப்புகூலி 90 டொலர். சேமிப்பு 95,000 ரூபா இருக்கிறது. காசு காணாவிட்டால் தன் சங்கிலியை அடைவு வைக்கலாம் என்று அம்மாவே சொல்கிறார். சுவிஸில் இருக்கும் அத்தான், ஓகஸ்ட்டில் வரும்போது தான் கொண்டுவரலாம் என்கிறார். கிளிநொச்சியில் கடைக்காரர் இங்கேயே வாங்கச் சொல்கிறார். நான் என்ன செய்ய?

பதில்: தம்பி, இங்கேயே வாங்குங்கள். அதையும் தனிப் பிரேமாக வாங்காமல் முழுச் சைக்கிளாக வாங்குங்கள். சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே இருக்கட்டும்.

நீங்கள் 270 டொலரை 300 ஆல் பெருக்கி 81,000 என்று கணக்குப் பார்த்திருப்பீர்கள். (கணக்கு இலகுவாக இருக்க நானும் டொலரை 300 ரூபா என்றே வைக்கிறேன்.) 95,000 கையில் இருக்கும்போது அது கட்டுப்படியாகும் போலத்தான் தெரியும். ஆனால் சுங்கத்தின் கணக்கு அந்த 81,000 இல்தான் தொடங்குகிறது. பொருளின் விலைக்கு மட்டும்தான் வரி என்று பலர் நினைக்கிறார்கள். விலை, காப்புறுதி, அனுப்புகூலி மூன்றும் சேர்ந்த தொகைக்கே வரி. துறைமுக விமான நிலைய அறவீட்டை 10 சதவீதமாக எடுத்தால் 8,100 ரூபா. பிறகு பெறுமதி சேர் வரி. 2024 ஜனவரி 1 முதல் அது 18 சதவீதம். இதைப் போடும்போது 81,000 உடன் இன்னொரு 10 சதவீதத்தையும் அந்த 8,100 ஐயும் கூட்டி, வரும் 97,200 க்குப் போடுவார்கள். அது 17,496 ரூபா. சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி அதே 97,200 க்கு 2.5 சதவீதம், கிட்டத்தட்ட 2,400. ஆக 109,000 ரூபா.

இதில் சுங்கத் தீர்வையும், செஸ் என்ற மேலதிக இறக்குமதி வரியும் சேரவில்லை. அவை சேர்ந்தால் பெறுமதி சேர் வரியும் கூடவே ஏறும். இந்த வீதங்கள் வர்த்தமானி அறிவித்தலோடு மாறுகிறவை. யாராவது இறக்குமதி செய்யத்தான் போகிறார்கள் என்றால், சுங்கத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் 8714.91 என்ற இலக்கத்தைத் தேடுங்கள். சைக்கிள் பிரேமும் போர்க்கும் (முன்சில்லைப் பிடிக்கும் கவை) அந்த இலக்கத்தின் கீழ்தான் வரும். ஓடர் போடுகிற அன்றைக்கே பார்க்க வேண்டும். போன வருடம் நண்பர் கட்டிய தொகையை நம்பி இறங்கக்கூடாது. கடனட்டையால் வெளிநாட்டுக்குக் கட்டும்போது வங்கி எடுக்கும் கழிவும், குரியர்காரர் வாங்கும் கையாளும் கூலியும் இன்னும் மேலே.

அனுப்புகூலி பற்றியும் ஒன்று. வெறும் பிரேம் இரண்டு இரண்டரைக் கிலோதான் இருக்கும். ஆனால் பெரிய குரியர் நிறுவனங்கள் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து, எது கூடவோ அதற்குக் காசு கேட்பார்கள். 105 க்கு 60 க்கு 20 சென்ரிமீற்றர் பெட்டி என்றால் 25 கிலோ. உங்களுக்குச் சொன்ன 90 டொலர் எந்தக் கணக்கில் வந்தது என்று விற்பவரிடம் எழுத்தில் கேட்காமல் அதை நம்ப வேண்டாம்.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம் என்றே வைப்போம். உங்கள் காசை உண்மையில் விழுங்கப் போவது வரி இல்லை. பிரேம் வந்து சேர்ந்த பிறகு, பழைய சைக்கிளில் இருந்து கழற்றிய முக்கியமான பாகங்கள் அதில் ஏறாது.

உங்களுடையது 26 அங்குலச் சில்லு. அந்தக் காலத்துச் சைக்கிள்களில் பின்சில்லு பூட்டும் இடைவெளி வழக்கமாக 135 மில்லிமீற்றர், அச்சு மெல்லியது. இப்போது வெளிநாட்டில் விற்கும் 29 அங்குலப் பிரேம்களில் பெரும்பாலானவை பூஸ்ட் அளவு: 148 மில்லிமீற்றர், 12 மில்லிமீற்றர் தடித்த அச்சு. உங்கள் பின்சில்லு அதில் நிற்காது. முன்சில்லையும் போர்க்கையும் எடுத்தால், பழைய போர்க்கின் கழுத்து மேலிருந்து கீழ்வரை ஒரே தடிப்பு, ஒன்றேகால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கழுத்து நுழையும் தலைக்குழாய், புதிய பிரேமில் கீழே ஒன்றரை அங்குலத்துக்கு விரியும். இடைவளையம் போட்டு ஏற்றலாம் என்று சைக்கிள் கடையில் சொல்வார்கள், ஏறும், உண்மைதான். ஆனால் 29 அங்குலச் சில்லுக்கும் நீண்ட போர்க்குக்கும் வரைந்த பிரேமில் 26 அங்குலத்தின் குட்டைப் போர்க்கைப் பூட்டினால் முன்பக்கம் தாழ்ந்துவிடும். பெடல் தரையோடு அடிபடும், ஹாண்டில் வெட்டி இழுக்கும். சீற் தண்டின் தடிப்பு 27.2 மில்லிமீற்றரா, 30.9 ஆ, 31.6 ஆ என்பதும் பிரேமுக்குப் பிரேம் வேறு. கடைசியில் உங்கள் பழைய சைக்கிளில் இருந்து மிஞ்சுவது சீற், ஹாண்டில், பெடல், சில வேளை கியர் மாற்றியும் பெடல் பூட்டும் கிராங்கும். இரண்டு சில்லு, போர்க், ரயர், ரியூப், தலைக்குழாய்க்குள் போகும் குண்டுகள் எல்லாம் புதிதாக வாங்க வேண்டும். அவற்றில் பாதி மறுபடியும் வெளிநாட்டுச் சாமான், மறுபடியும் அதே வரி. 180 டொலர் என்று தொடங்கிய வேலை உங்கள் மூன்று நான்கு மாதச் சம்பளத்தில் போய் நிற்கும். தொடங்கியதைப் பாதியில் விட மனமும் வராது. அந்த நேரத்தில்தான் சங்கிலி அடைவு கடைக்குப் போகும்.

அடைவு பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். நகையை வைத்துக் காசு எடுப்பது வன்னியில் வெட்கப்படும் விடயம் இல்லை. விதைநெல்லுக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் அதுதான் கைகொடுக்கிறது. அதற்காகவே அது சும்மா இருக்க வேண்டும். உங்கள் வேலை ஒப்பந்த வேலை, தங்கச்சி உயர்தரத்தில் நிற்கிறா. அடுத்த வருடம் அவவின் படிப்புக்கோ, ஒப்பந்தம் புதுப்பிக்காத மாதங்களுக்கோ அந்தச் சங்கிலி தேவைப்படலாம். வட்டி கட்டத் தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். போனதைத் திரும்ப வாங்குவது இப்போதைய தங்க விலையில் உங்கள் சம்பளத்தால் முடியாது. அம்மா தானாகவே தருகிறேன் என்கிறார் என்றால் அது அவரின் பாசம். அந்தப் பாசத்தை வாங்கிக்கொள்ளுங்கள், சங்கிலியை வாங்க வேண்டாம்.

நீங்கள் ஓடுகிற தரையையும் பாருங்கள். வன்னி சமதரை. குளக்கட்டு, கிரவல் றோட்டு, மாரியில் சேறு, கோடையில் மணல். மலையில் இருந்து பாய்ந்து இறங்கவென்று செய்த பிரேமுக்கு இங்கே வேலை இல்லை. அகலமான ரயர் போக இடம், நல்ல பிறேக், முறிந்தால் கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ அன்றைக்கே மாற்றக்கூடிய பாகங்கள். தினமும் வேலைக்குப் போகிறவருக்கு இந்த மூன்றும் போதும். மூன்றாவதைத்தான் நான் முதலில் வைப்பேன். கியர் மாற்றி தொங்கும் சிறிய உலோகத் துண்டு இருக்கிறதே, அது பல பிரேம்களில் அந்தப் பிரேமுக்கு மட்டுமே பொருந்தும். ஒரு தடவை விழுந்தால் வளையும். வெளிநாட்டுப் பிரேம் என்றால் அந்தத் துண்டு வரும்வரை சைக்கிள் சுவரோடு சாத்தியபடி நிற்கும். சைக்கிள் நின்றால் நீங்கள் மோட்டார் சைக்கிள் இரவல் வாங்கிப் பெற்றோல் அடிக்க வேண்டும். நாளுக்கு 18 கிலோமீற்றர், லீற்றருக்கு 45 கிலோமீற்றர், பெற்றோல் 300 ரூபா என்று போட்டால் 120 ரூபா. 22 வேலை நாளில் 2,640. பொதி வருவதற்குக் காத்திருக்கும் மாதங்களையும் இதோடு சேர்க்க வேண்டும்.

வெடித்ததை ஒட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லுவார்கள். காந்தம் ஒட்டினால் இரும்புப் பிரேம். நல்ல வெல்டிங்காரர் ஒட்டித் தருவார். உங்களுடையது அலுமினியம். சூடு பட்ட இடத்தில் அதன் உறுதி குறைந்துவிடும். தொழிற்சாலையில் ஒட்டிய பிறகு சூளையில் வைத்து அந்த உறுதியைத் திரும்ப ஏற்றுவார்கள்; கேற் ஒட்டும் கடையில் அதற்கு வசதி இல்லை. ஏ9 போன்ற பெரிய வீதியில் லொறிகளுக்குப் பக்கத்தில் ஓடும்போது அந்த இடம் விட்டுப்போவதை நினைத்துப் பாருங்கள். வேண்டாம்.

இனி என்ன வாங்குவது. உங்கள் உச்ச வரம்பு 65,000 ரூபா. மிச்சம் 30,000 வங்கியில் கிடக்கட்டும். அது உங்கள் ஒரு மாதச் சம்பளத்தில் ஏறத்தாழப் பாதிதான், போதாது. சைக்கிள் வாங்கிய அடுத்த மாதத்தில் இருந்து 8,000 படி போட்டு, வீட்டின் மூன்று மாதச் செலவு சேரும்வரை நிறுத்தாதீர்கள். அந்த 65,000 க்குள் இரண்டு வழி. ஒன்று, லுமாலா போன்ற உள்ளூர்த் தயாரிப்பில் புதிது. பாகம் எங்கும் கிடைக்கும், குறை என்றால் விற்ற கடைக்கே கொண்டு போகலாம். மற்றது பாவித்த சைக்கிள், எனக்கு அதில்தான் கூடுதல் விருப்பம். 2022 இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில் பட்டணங்களில் பலர் நல்ல மலைச்சைக்கிள் வாங்கினார்கள். பெற்றோல் வந்ததும் அவை பல வீடுகளில் ஓடாமல் நின்றன. இப்போது விலைக்கு வருகின்றன. கொழும்பில் கிடைத்தாலும் ஏ9 இல் வரும் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். ஆனால் நேரில் பார்க்காமல் காசு அனுப்பக்கூடாது. நீங்களோ நம்பிக்கையான ஒருவரோ பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தலைக்குழாயோடு கீழ்க்குழாய் சேரும் இடத்தின் அடிப்பக்கம், சீற் இறுக்கும் வாய், பெடல் அச்சைச் சுற்றியுள்ள ஒட்டுகள். பெயின்றில் மயிர்க்கோடு போல ஏதாவது தெரிந்தால் துடைத்து விட்டு நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் தடக்கினால் திரும்பி வந்துவிடுங்கள். பெடல் அச்சுக்குக் கீழே வெட்டியிருக்கும் பிரேம் இலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதி விற்பவரின் கையெழுத்து வாங்குங்கள். இலக்கம் சுரண்டியிருந்தால் எவ்வளவு மலிவென்றாலும் வேண்டாம்.

அத்தான் கொண்டுவருவதில் தவறில்லை, சில பேருக்கு அதுதான் சரியும்கூட. ஆறு அடிக்கு மேல் உயரமானவருக்கு இங்குள்ள கடைகளில் அளவு கிடைப்பது கஷ்டம். அப்படியானவர் தன் பழைய பாகங்களின் அளவை எல்லாம் எழுதிக்கொண்டு, அதே அளவுக்கு ஒரு இரும்புப் பிரேம் எடுப்பித்தால் நியாயம் உண்டு. உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு தேவை தெரியவில்லை. அதோடு பல விமான நிறுவனங்கள் ஒரு பொதியின் மூன்று பக்க அளவும் கூட்டி 158 சென்ரிமீற்றருக்குள் இருக்கக் கேட்கின்றன. நான் மேலே சொன்ன பெட்டி 185 வரும். மேலதிகக் காசை அத்தான்தான் கட்டுவார், உங்களிடம் சொல்லவும் மாட்டார். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் சுங்கம் கேட்டால் பற்றுச்சீட்டைக் காட்ட வேண்டியவரும் அவர்தான்.

விற்பவர் “பரிசு, 20 டொலர் என்று எழுதி அனுப்பட்டுமா” என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். சுங்கம் பெட்டியைத் திறந்து தன் மதிப்பைப் போடலாம், தண்டமும் விதிக்கலாம். வழியில் உடைந்தால் காப்புறுதியும் அந்த 20 டொலருக்குத்தான் பேசும்.

அத்தானுக்கு எழுதும்போது பிரேம் வேண்டாம், நல்ல தலைக்கவசமும் சைக்கிள் விளக்கும் போதும் என்று எழுதுங்கள்; இரண்டும் சூட்கேசுக்குள் அடங்கும். பழைய சைக்கிளின் சில்லுகளையும் கியர் மாற்றியையும் விற்க வேண்டாம். வாங்கப் போவது 26 அங்குலமாகவே அமைந்தால் அவை அப்படியே உங்களுக்கு மேலதிக உதிரிப்பாகங்கள்.