சுண்டெலிக்குக் குறைந்த கட்டி: பட்டைச்சாறு பற்றிக் கேள்வி பதில்

காரங்காட்டிலிருந்து: சார், அலையாத்தி (கடலோரச் சதுப்பு மரம்) பட்டைச்சாறு கொடுத்த எலிகளுக்குப் புற்றுநோய் குறைஞ்சதாமே? எங்க ஊர்ல நிக்கிற மரம்தானே?

மரம் இருக்கட்டும், எலிக்கு என்ன புற்று என்று பாருங்க தம்பி. நம் நாட்டு ஆய்வுகளில் அடிக்கடி வருபவை எர்லிக் அசைட்டிஸ், டால்டன் லிம்போமா என்ற இரண்டு எலிப் புற்றுகள். சுண்டெலியின் வயிற்றறைக்குள் புற்றுச்செல்களை ஊசியில் ஏற்றுவார்கள். அவை நீரில் மிதந்தபடியே பெருகும், வயிறு உப்பும். பல ஆய்வுகளில் மறுநாள் முதல் சாறும் அதே வயிற்றறைக்குள்தான் ஊசியாகப் போகிறது. அலையாத்தி வகைப் பட்டைகளில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுதி. அந்தக் காலத்தில் பருத்தி வலை மக்காமலிருக்கப் பட்டைச்சாற்றில் ஊறப்போட்டது இந்த டானினுக்காகத்தான். புரதம் எதிலும் அது ஒட்டிக்கொள்ளும். செல்மேல் நேராகப் பட்டால் செல் சாகத்தான் செய்யும். வாய்வழி குடித்தால் அதில் பெரும்பகுதி ரத்தத்தில் சேர்வதே இல்லை. 'எலி கூடுதல் நாள் வாழ்ந்தது' என்ற வரியைப் படிக்கும் முன் எந்த வழியாகக் கொடுத்தார்கள் என்று தேடுங்கள்.

தொண்டியிலிருந்து: எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம். நான் 60 கிலோ. 12 கிராமா?

இல்லை. கிலோவுக்கான சுண்டெலி அளவை மனித அளவாக்க 12.3-ஆல் வகுக்க வேண்டும். உங்களுக்கு ஏறக்குறைய 1 கிராம்தான் வரும். அதுவும் ஆய்வாளர் கணக்குக்கு. சாராயத்தில் இறக்கி வற்றவைத்த சாறு வேறு, அடுப்பில் கொதிக்கும் கஷாயம் வேறு.

மண்டபத்திலிருந்து: அப்போ பட்டையிலிருந்து மருந்தே வந்ததில்லையா?

ஏன் இல்லை, டாக்ஸால் என்ற புற்று மருந்து இருக்கிறதே! அமெரிக்காவின் பசிபிக் யூ மரப்பட்டையை 1962-இல் சேகரித்தார்கள். வால், வானி என்ற இரு வேதியியலாளர்கள் 1971-இல் அதன் வேதியமைப்பை வெளியிட்டார்கள். எலிகளின் பி16 மெலனோமா என்ற தோல் புற்றில் நன்றாக வேலை செய்த பிறகுதான் ஆர்வம் கூடியது. சினைப்பைப் புற்றுக்கு அனுமதி கிடைத்தது 1992-இல். முப்பது வருஷம்! அந்த மருந்து தண்ணீரில் கரையவே கரையாது. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு பொருளில் கரைத்துத்தான் ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். அந்தப் பட்டையை நாள் முழுக்கக் கொதிக்கவைத்துக் குடித்தாலும் பலன் கிடைத்திருக்காது.

சாயல்குடியிலிருந்து: நித்தியகல்யாணி?

அதில் பட்டை அல்ல, இலை. வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்று மருந்துகள் அதிலிருந்து வந்தவைதான். மில்லிகிராம் கணக்கில் ரத்தக்குழாயில் ஏற்றும் மருந்துகள் அவை. இலையை மெல்லாதீர்கள், விஷம்.

கீழக்கரையிலிருந்து: வாப்பாவுக்கு கீமோ நடக்குது. கூடவே பட்டைக் கஷாயம் கொடுக்கலாமா?

வேண்டாம்மா. கீமோ மருந்துகள் பலவற்றை ஈரல்தான் உடைத்து வெளியேற்றுகிறது. இடையில் கஷாயம் புகுந்தால் மருந்து ரத்தத்தில் ஏறலாம், இறங்கலாம். எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஏற்கெனவே கொடுத்திருந்தால் என்ன பட்டை, எத்தனை நாள் என்று அடுத்த கீமோவுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். திட்டினால் திட்டட்டும்.