சும்மா நின்ற ஐந்து நிமிடம்

அன்புள்ள சார்,

ஐ.டி.யில் வேலை. சோழிங்கநல்லூரில் புதிதாகக் குடிவந்திருக்கிறேன். போன வாரம் சமையலறை சிங்க் அடியில் கசிவு. வாட்ச்மேன் ஒரு பிளம்பரை அழைத்துவந்தார். மொத்தமே பத்து நிமிட வேலை, அதிலும் ஐந்து நிமிடம் சும்மா நின்று குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். 600 ரூபாய் கேட்டார். பேரம் பேசி 400 கொடுத்தேன். செயலியில் அழைத்தால் ரேட் முதலிலேயே தெரிந்துவிடுகிறது. அதுதானே இரண்டு பேருக்கும் நியாயம்? இவர்களைப் பற்றியெல்லாம் தமிழில் ஏன் யாரும் எழுதுவதில்லை?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எழுதியிருக்கிறார்கள், தேடிப் படியுங்கள். பேரம் பேசியதற்கும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. நானும் பேசுகிறவன்தான், கத்தரிக்காய்க்குக்கூட. உங்கள் கடிதத்தில் எனக்குச் சுருக்கென்று தைத்தது அந்த 'சும்மா'தான்.

மேற்கு மாம்பலத்தில் இருபது வருடம் வாடகைக்கு இருந்தேன். அந்தத் தெருவுக்கே ஒரு 'பைப் அண்ணன்' உண்டு. நான் குடிபோன புதிதில் எல்லாம் ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். சணலை மரை ஓடும் திசையிலேயே ஒரு நார் பிசகாமல் சுற்றி, மேலே வெள்ளைப் பசை தடவி முறுக்குவார். அப்புறம் கேட்வால்வைத் திறந்துவிட்டு, பழைய பேப்பரில் ஒரு துண்டு கிழித்து ஜாயின்ட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். பேச்சே கிடையாது. கண்ணுக்குத் தெரியாத கசிவு பேப்பரில் தெரியும். கடுகளவு ஈரம் பட்டாலும் பிரித்து முதலிலிருந்து ஆரம்பிப்பார். "முடிஞ்சுதாண்ணே, ஆபீசுக்கு நேரமாச்சு" என்றேன் ஒருநாள். "நீங்க கெளம்புங்க சார், தண்ணிக்கு ஆபீஸ் இல்ல" என்றார்.

இப்போது சி.பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக் குழாய், சணலுக்குப் பதில் வேறு பசை, டெஃப்ளான் டேப். ஆனால் நின்று பார்க்கிற வேலை மட்டும் அப்படியேதான் இருக்கிறது. உங்கள் வீட்டில் அவர் செய்ததும் அதுதான். அதற்குப் பெயர் சும்மாவா?

'முப்பது வருட அனுபவத்துக்குத்தான் கூலி' என்று வாட்ஸ்அப்பில் ஒரு கதை சுற்றுமே, அதைச் சொல்ல வரவில்லை. அனுபவத்தை விடுங்கள். நான் சொல்வது காத்திருப்பை. அண்ணன் காலை எட்டு மணிக்கெல்லாம் ஆரிய கவுடா ரோட்டில் ஒரு ஹார்ட்வேர் கடைப் படியில் பையோடு உட்கார்ந்திருப்பார். வாஷர் வாங்க வந்த யாராவது "மாட்ட ஆள் கிடைக்குமா?" என்று கேட்டால் அன்றைக்கு வரும்படி. இல்லாவிட்டால் மூன்று டீயோடு சரி. பழைய அளவில் பித்தளைச் சாமான் வேண்டுமென்றால் பாரிமுனைக்கு பஸ் ஏற வேண்டும். அரை நாள் போய்விடும், அதற்குக் கூலி கிடையாது. 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்ததும் சாக்கடை கலந்த சம்புத் தொட்டிகளுக்காக ஆளாளுக்கு அவரை இழுத்தார்கள். 2019 கோடையில் சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் வறண்டு கிடந்தபோது படியை விட்டு எழவேயில்லை. கசிவதற்குக் குழாயில் தண்ணீர் வேண்டாமா?

உங்கள் கம்பெனியில் ப்ராஜெக்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்தால் 'பெஞ்ச்' என்கிறீர்கள். மாதக் கடைசியில் சம்பளம் வந்துவிடுகிறது. அவருடைய பெஞ்ச் அந்தக் கடைப்படி. அதற்கு யார் சம்பளம் கொடுப்பது? நீங்கள்தான், அந்த 600 ரூபாய்க்குள். வெட்டினீர்களே 200, அது அந்தப் படியில் உட்கார்ந்த காசு.

கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் 1994 முதல் இருக்கிறது. பிளம்பரும் சேரலாம், 60 வயதானால் ஓய்வூதியம் உண்டு. அண்ணனும் சேர்ந்தார். புதுப்பிக்கப் போனால் ஒருநாள் பிழைப்பு போகும் என்று அட்டையைப் பையிலேயே போட்டுவைத்துவிட்டார். அதற்காக அவரைத் திட்டியிருக்கிறேன், இப்போது உங்களைத் திட்டுவதைவிட அதிகமாகவே.

செயலி பற்றிக் கேட்டிருந்தீர்கள் இல்லையா? சௌகரியமென்றால் அழைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நிமிடம், எத்தனை ரூபாய் என்றெல்லாம் எழுதினீர்களே, சிங்க் அடியில் இப்போது கசிகிறதா இல்லையா?