எட்டே மாதத்தில் குழி விழுந்த இலவம் பஞ்சு மெத்தை: பிரித்து அடிக்கக் கொடுக்கலாமா?

கேள்வி: மகள் கல்யாணத்துக்குச் சீராக ஆறுக்கு நாலடி இலவம் பஞ்சு மெத்தை வாங்கினோம். எட்டு மாதத்தில் நடுவில் பள்ளம், ஓரமெல்லாம் கட்டி கட்டியாக இருக்கிறது. வெயிலில் போட இரண்டு ஆள் சேர்ந்து தூக்க வேண்டியிருக்கிறது. டெம்போவில் மெஷினோடு வருகிறவர், வாசலிலேயே பிரித்து அடித்துப் புதுசாக்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உள்ளே இருப்பது அசல் இலவம் என்றால் அந்த மெஷின் அதைக் கெடுத்துவிடும். இலவமே இல்லை என்றால், அடிப்பதற்கு ஏன் கூலி கொடுக்க வேண்டும்?

இலவம் இழை உள்ளே வெற்றுக் குழாய் மாதிரி; பெரும்பகுதி காற்றுதான். மேலே இயற்கையான மெழுகுப் பூச்சு. சுவர் மிக மெல்லிசு என்பதால் முள் உருளையில் சிக்கினால் ஒடிந்து தூளாகிவிடும். அந்த மெஷின் பருத்திக்கானது. பருத்தியை அடித்தால் உப்பும். இலவத்தைக் கையால் உதிர்த்து, காயவைத்து, திரும்ப அடைத்தாலே போதும். அடித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் பஞ்சில் பாதி டெம்போவில் தங்கி, அங்கிருந்த கழிவு உங்கள் உறைக்குள் போவதும் உண்டு. பறக்கிற தூசியில் யாருக்கு என்ன தெரியும்?

நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது கனம். நாலு அங்குல உயரத்தில் இந்த அளவு இலவம் மெத்தை சுமார் பதினைந்து கிலோ இருக்கும். ஒரே ஆள் சுருட்டித் தோளில் போட்டுக்கொள்ளலாம். எடை பார்க்கும் மெஷினில் மெத்தையோடு ஏறி நின்று, உங்கள் எடையைக் கழித்துப் பாருங்கள். இருபத்தைந்தைத் தாண்டினால் உள்ளே மில் கழிவுப் பஞ்சு (நூல் மில்லில் மிஞ்சும் பருத்திக் கழிவு) இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அடுத்து, ஓரத் தையலை நாலு விரல் அகலத்துக்குப் பிரித்து, கையை முழங்கை வரை விட்டு நடுவிலிருந்து ஒரு பிடி எடுங்கள். மூலையில் ஜிப் வைத்து, "திறந்து பாருங்கள், பால் மாதிரி பஞ்சு" என்று கடையில் காட்டுவார்களே, அந்த மூலையை மட்டும் நம்பாதீர்கள். அங்கே நல்ல பஞ்சுதான் இருக்கும்.

முதல் சோதனை, திரிப்பது. எடுத்ததில் ஒரு சிட்டிகையை விரல்களுக்கு நடுவே வைத்துத் திரியுங்கள். பருத்தி முறுக்கேறி நூலாகி நிற்கும். இழுத்தால் பிடிமானம் தெரியும். இலவம் வழுக்கும், விட்டதும் அவிழ்ந்து உப்பிக்கொள்ளும். லேசான பட்டுப் பளபளப்பும் இருக்கும். (பூஜைக் கடையில் இலவம் பஞ்சுத் திரி விற்கிறார்களே என்று கேட்காதீர்கள். பருத்தியையும் இலவத்தையும் பக்கத்தில் வைத்துத் திரித்தால் வித்தியாசம் கைக்கே புரியும்.)

இரண்டாவது, தண்ணீர். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இலவம் மிதக்கும் என்பது சரி. மிதப்பதெல்லாம் இலவம் என்பது தவறு. வெளுக்காத பருத்தியிலும் மெழுகு உண்டு, அதனால் மில் கழிவும் சிறிது நேரம் மிதக்கும். விற்பவர் டம்ளரில் போட்டு, அது மிதக்கும் அந்த அரை நிமிடத்தைக் காட்டிவிட்டு எடுத்துவிடுவார். நீங்கள் பஞ்சைத் தண்ணீருக்குள் அமுக்கி, நன்றாகப் பிசைந்து, ஒரு நிமிடம் பிடித்துவிட்டு விடுங்கள். இலவம் துள்ளி மேலே வரும், பிரித்தால் உள்ளே உலர்ந்திருக்கும். பருத்தி நனைந்து கனத்துக் கிடக்கும்.

மூன்றாவது, தீ. வாசலில், இடுக்கியில் பிடித்து, கொஞ்சமாக. காகிதம் எரியும் வாசனையும் மெல்லிய சாம்பலும் வந்தால் பருத்தியோ இலவமோ. உருகிக் கருப்பு மணியாகக் கெட்டிப்பட்டால் பாலியஸ்டர். பருத்தியையும் இலவத்தையும் தீ பிரித்துக் காட்டாது. அதற்கு மேலே சொன்ன இரண்டும்தான்.

கழிவு என்று தெரிந்தால் பில்லைத் தேடுங்கள். "மெத்தை 1" என்று மட்டும் எழுதியிருப்பார்கள். பட்டுக்கு 2004 முதல் சில்க் மார்க், கைத்தறிக்கு 2006 முதல் ஹேண்ட்லூம் மார்க் என்று அசலுக்கு முத்திரை உண்டு. தினமும் எட்டு மணி நேரம் படுக்கிற மெத்தைக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு மட்டும் கடைக்காரர் வாய்ச்சொல்தான் சான்று! இருந்தாலும் விடாதீர்கள். எடுத்த பஞ்சை உறையில் போட்டு வையுங்கள், பிரித்த இடத்தைப் படம் எடுங்கள், 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணமும் கிடையாது. அடுத்த முறை பில்லில் "இலவம் பஞ்சு, இத்தனை கிலோ, வேறு கலப்பில்லை" என்று எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்கினால் வேறு கடை. "போடி ஒரிஜினல்" (போடிநாயக்கனூர்ப் பஞ்சாம்) என்று வண்டியில் மைக் போட்டு விற்பவரிடம் பில்லே வராது.

அசல் என்று தெரிந்தால் செலவு கொஞ்சம்தான். உறையைப் பிரித்து, காற்று வீசாத அறையில் கட்டிகளைக் கையால் உதிர்த்து, விதை அகப்பட்டால் பொறுக்கி எறியுங்கள். எலியும் பூச்சியும் அதற்குத்தான் வரும். வீசிங் இருப்பவர்கள் அந்தப் பக்கமே வர வேண்டாம், மற்றவர்கள் மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். வலைத்துணி போர்த்தி வெயிலில் காயவைத்து, நெருக்க நெசவுள்ள மெத்தைத் துணியில் அடையுங்கள். ஊசியை அடிவரை விட்டுப் போடும் கட்டுத் தையல் முக்கால் அடிக்கு ஒன்று வேண்டும். உங்கள் மெத்தையில் அது ஒன்றரை அடிக்கு ஒன்று இருந்தால், பஞ்சு ஓரத்துக்கு ஓடியதற்கு அதுவே காரணம்.