தினமும் ஓட்டும் காரில் சப்வூஃபர் (பேஸ் ஒலிக்கும் ஸ்பீக்கர், சுருக்கமாக சப்) சத்தம் போதவில்லை. பெரிய ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வாங்குவதா, 15 அங்குல சப் போடுவதா, சப் உட்காரும் பெட்டியை மாற்றுவதா?

பெட்டியை மாற்றுங்கள். ஆம்ப்பில் கை வைக்க வேண்டாம், சப்பையும் இப்போதைக்கு அப்படியே விட்டுவிடுங்கள். இதோடு முடித்துக்கொண்டு போயிருக்கலாம்தான், ஆனால் இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் "இன்னும் பெரிய ஆம்ப் போடு ப்ரோ" என்று நாலு பேர் வந்து நிற்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சல் ஏறிப் போயிருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உங்களிடம் இருப்பது 12 அங்குல சப் ஒன்று, ரெடிமேட் சீல்டு பெட்டி (எல்லாப் பக்கமும் மூடியது), 300 வாட் அளவில் ஒரு மோனோ ஆம்ப் என்று எடுத்துக்கொள்கிறேன். டிக்கி முழுவதும் பறிபோகக் கூடாது, வீட்டில் எல்லோரும் ஏறும் வண்டி, காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆக வேண்டும். எனக்கும் இதே நிலைமைதான். நீங்கள் கார் ஆடியோ போட்டிக்குப் போய் மீட்டரில் எண் காட்டுகிறவர் என்றால் இந்தப் பதில் உங்களுக்கு உதவாது, அது வேறு உலகம்.

முதலில் வாட் கணக்கு. வாட்டை இரட்டிப்பாக்கினால் கிடைப்பது 3 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு). 300 வாட்டை 600 ஆக்கினால் 3, அதை 1200 ஆக்கினால் இன்னொரு 3. சத்தம் இரண்டு மடங்கு ஆகிவிட்டது என்று காது சொல்ல ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட், 3000. (பேஸ் அதிர்வெண்களில் 10 வரை போகத் தேவையில்லை, அதற்கு முன்பே காதுக்கு இரண்டு மடங்காகத் தெரியும் என்று யாராவது திருத்த வருவீர்கள். சரிதான், ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் 3 டெசிபலுக்காகப் புது ஆம்ப், புது வயர், புது பேட்டரி என்று இறங்குவது எனக்கு ஒப்பவில்லை.) 80 சதவீதத் திறனுள்ள கிளாஸ் டி ஆம்ப் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காத வகை) 3000 வாட் கொடுக்க 13.8 வோல்ட்டில் 270 ஆம்பியர் இழுக்கும். சிறிய கார்களின் ஆல்டர்னேட்டர் (இஞ்சினோடு ஓடி மின்சாரம் தருவது) பெரும்பாலும் 100 ஆம்பியர் பக்கம்தான், அதில்தான் ஏசி ஃபேன், ஹெட்லைட், இஞ்சின் கம்ப்யூட்டர் எல்லாம் பிழைக்க வேண்டும். போதாததற்கு வாய்ஸ் காயில் (சப்பின் உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருள்) சூடானால் அதன் தடை ஏறும். செம்புக் கம்பி 150 டிகிரி கூடுதலாகச் சூடானால் தடை கிட்டத்தட்ட 1.6 மடங்கு ஆகிவிடும், ஆம்ப் தரும் வாட் அந்த அளவுக்கு இறங்கிவிடும். காசு கொடுத்து வாங்கிய வாட்டில் ஒரு பகுதி வெறும் சூடாகப் போகிறது.

இப்போது பெட்டி. சீல்டு பெட்டியில் கோனின் (சப்பில் முன்னும் பின்னும் அசையும் பாகம்) முன்பக்கம் மட்டும்தான் உங்களுக்கு வேலை செய்கிறது, பின்பக்கம் தள்ளும் காற்று உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். போர்ட் பெட்டியில் அந்தப் பின்பக்கக் காற்றையும் ஒரு குழாய் வழியாக வேலைக்கு இழுக்கிறோம். காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஊம் என்று ஒரே சுருதியில் வரும் பாருங்கள், அதே தத்துவம்தான். குழாயின் அகலம், நீளம், பெட்டியின் கொள்ளளவு மூன்றும் சேர்ந்து அந்தச் சுருதியை முடிவு செய்யும். அதைத்தான் ட்யூனிங் என்கிறோம். அந்த அதிர்வெண்ணில் கோன் ஏறக்குறைய அசையாமல் நிற்கும், சத்தமெல்லாம் போர்ட்டிலிருந்து வரும். அதைச் சுற்றியுள்ள பகுதியில் அதே வாட்டுக்கு பொதுவாக 3 டெசிபலுக்குக் குறையாமல் கூடும். ஆம்ப்பை இரட்டிப்பாக்கினால் வரும் அதே 3, ஆனால் பேட்டரிக்கு ஒரு சுமையும் இல்லை.

சீல்டு ஆட்கள் இங்கே கம்பைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று தெரியும். சீல்டு பெட்டி சிறியது, கட்டுவது சுலபம், சத்தம் கீழே மெதுவாகத்தான் இறங்கும் (ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும், 12 டெசிபல், போர்ட் பெட்டியில் ட்யூனிங்குக்குக் கீழே 24), காருக்குள் அடைபட்ட இடம் தாழ்ந்த அதிர்வெண்களைத் தானே தூக்கிக் கொடுப்பதால் அந்தச் சரிவும் சமமாகிவிடும். எல்லாம் உண்மை. ஆனால் கேள்வி கேட்டவர் இனிமை போதவில்லை என்று சொல்லவில்லை, சத்தம் போதவில்லை என்கிறார். அவர் கேட்ட கேள்விக்குத்தான் நான் பதில் சொல்கிறேன்.

ஒரு நிபந்தனை உண்டு. உங்கள் சப் போர்ட்டுக்கு ஏற்றதா என்று பாருங்கள். அதனுடன் வந்த தாளில் எஃப்எஸ் (Fs), கியூஇஎஸ் (Qes) என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். 50 பக்கமோ அதற்குக் கீழோ வந்தால் அது சீல்டு சப், 90, 100 என்று வந்தால் போர்ட் சப், நடுவில் வந்தால் இரண்டுக்கும் ஒத்துப்போகும். என்னுடையது நடுவில் இருந்தது. தாளிலேயே போர்ட் பெட்டிக்கு எத்தனை லிட்டர் என்று கம்பெனிக்காரர்கள் போட்டிருப்பார்கள், அதை மதியுங்கள்.

நான் எடுத்துக்கொண்டது 55 லிட்டர், 34 ஹெர்ட்ஸ் ட்யூனிங். 40-க்கு மேலே ட்யூன் செய்தால் சத்தம் இன்னும் கூடும், ஆனால் எல்லாப் பாட்டும் ஒரே தம் தம் என்று ஒலிக்கும். தினமும் கேட்பதற்கு 32 முதல் 36-க்குள் இருப்பது என் ருசி. 55 லிட்டர் என்பது உள்ளே மிஞ்ச வேண்டிய காற்றின் அளவு, இதில்தான் ரெடிமேட் பெட்டி விற்கிறவர்கள் விளையாடுவார்கள். 180 சதுர செண்டிமீட்டர் போர்ட் போட்டேன், 34 ஹெர்ட்ஸுக்கு அது சுமார் 70 செண்டிமீட்டர் நீளம் வரும், நேராக வைக்க இடமில்லாததால் எல் வடிவத்தில் மடக்கினேன். அந்தப் போர்ட் மட்டும் 12 லிட்டருக்கு மேல் விழுங்கும். போர்ட்டின் பலகை, உள்ளே முட்டுக் கட்டை, சப்பின் காந்தம் எல்லாம் கூட்டினால் 75 லிட்டர் பெட்டி கட்டினால்தான் 55 மிஞ்சுகிறது. வெளியளவில் 100 லிட்டர் பக்கம். டிக்கியில் அந்த இடம் போகும், அதை மறைத்துப் பேச மாட்டேன். போர்ட்டைச் சின்னதாக்கி இடம் மிச்சப்படுத்தலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள், காற்று அந்த ஓட்டையில் புஸ் புஸ் என்று இரைக்கும், பேஸை விட அந்த இரைச்சல்தான் கேட்கும்.

18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையைக் கடையிலேயே மெஷினில் அறுத்து வாங்கிக்கொண்டேன், கைரம்பத்தில் அறுத்தால் மூலை சேராது. மரப்பசை, ஸ்க்ரூ, உள்மூலை முழுவதும் சிலிக்கான். சிலிக்கான் காயாமல் சப்பை மாட்டக் கூடாது, சில வகைகளிலிருந்து வரும் அந்தப் புளித்த வாடை கோனைச் சுற்றியுள்ள பசையைப் பதம் பார்க்கும். ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்துவிட்டுத்தான் மாட்டினேன்.

ஆம்ப்பில் சப்சோனிக் ஃபில்டரை (மிகத் தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டிவிடுவது) 28 ஹெர்ட்ஸில் வைத்தேன். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். ட்யூனிங்குக்குக் கீழே போர்ட் பெட்டியில் கோனைப் பிடித்து நிறுத்த ஒன்றும் கிடையாது, 20 ஹெர்ட்ஸ் வரும் ஒரு பாட்டில் கோன் வெளியே எகிறி அடிக்கும், அங்கேதான் சப்புகள் கிழிகின்றன. உங்கள் ஆம்ப்பில் அந்த ஃபில்டர் இல்லை என்றால் ஆம்ப் மாற்ற அது நியாயமான காரணம், வாட்டுக்காக அல்ல.

என் நண்பர் ஒருவர் 1500 வாட் ஆம்ப் ஆசாமி, பாட்டு அடிக்கும்போது அவர் வண்டியின் ஹெட்லைட் கண் சிமிட்டும். புதுப் பெட்டி மாட்டியதும் என் வண்டியில் உட்கார்ந்து கேட்டார், எதுவும் பேசவில்லை. இறங்கிப் போய் சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்து ஆம்ப்பின் ஃபியூஸைத்தான் பார்த்தார். ஒரே ஒரு 30 ஆம்பியர் ஃபியூஸ். 30 பெருக்கல் 13.8, அதில் 80 சதவீதம், 330 வாட். "ஆம்ப்பை மாத்திட்டு பொய் சொல்றியா?" என்று கேட்க வந்தவர் அந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். (நீங்களும் ஆம்ப் வாங்கும்போது டப்பாவில் 3000 வாட் என்று போட்டிருந்தால் இந்தக் கணக்கைப் போடுங்கள், டப்பா பேசுவதும் ஃபியூஸ் பேசுவதும் ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும்.)

கெப்பாசிட்டர் (மின்சாரத்தைக் கொஞ்சம் சேமித்து ஆம்ப்புக்குத் தருவது) வாங்கலாமா என்று அடுத்த கேள்வி வரும். ஒரு ஃபேரட் கெப்பாசிட்டர் 14.4 வோல்ட்டிலிருந்து 12-க்கு இறங்கும்போது கொடுப்பது 32 ஜூல். 750 வாட் இழுக்கும் ஆம்ப் அதை ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குகூட ஆகாமல் தீர்த்துவிடும். அந்தக் காசில் நல்ல செம்பு வயர் வாங்குங்கள், அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர் வேண்டாம். பேட்டரியை ஒட்டி, 45 செண்டிமீட்டருக்குள், மெயின் ஃபியூஸ் இருக்கட்டும்.

பெட்டியைப் பின்கதவைப் பார்த்தபடியும் வைத்துப் பாருங்கள், சீட்டைப் பார்த்தபடியும் வைத்துப் பாருங்கள், சப்பின் பிளஸ் மைனஸ் வயரை மாற்றியும் ஒருமுறை கேளுங்கள். செலவே இல்லாமல் வித்தியாசம் வரலாம். இதை இப்போதுள்ள சீல்டு பெட்டியிலேயே இன்றைக்கே செய்து பார்க்கலாம்.

அப்புறம் கடகடப்பு. இதை யாரும் எழுதுவதில்லை, பாதி சத்தம் அங்கேதான் வீணாகிறது. 20-இலிருந்து 80 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒரு டோனைப் போட்டுவிட்டு அக்கா மகனைப் பின்சீட்டில் உட்கார வைத்தேன். அவன் வேலை, எங்கே கடகடக்கிறதோ அங்கே கையால் அமுக்குவது. "மாமா, பெல்ட் பக்கிள்." "மாமா, இங்க மேல, பிரேக் லைட்டு." நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஃபோம் டேப், பின்கதவின் உள்ளே ஓடும் வயர்களுக்குத் துணி டேப். 47 ஹெர்ட்ஸில் மட்டும் டிர்ர் என்று ஒரு சத்தம் எதை அமுக்கினாலும் நிற்கவில்லை. தேடித் தேடிப் பார்த்தால் தரைக்கு அடியில் ஜாக்கி, அதன் திருகு ஒரு சுற்று தளர்ந்திருந்தது. அதை இறுக்கியதும் பேஸ் சுத்தமாகிவிட்டது. அந்த டிர்ர் இருக்கும்போது வால்யூமைக் கூட்டக் கை வராது.

வால்யூம் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்தக் கார் கம்பெனிக்காரர்கள் திருகும் குமிழை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் தொடுதிரைக்குள் தள்ளிவிட்டார்களே, யார் கேட்டார்கள் இதை? பின்னால் ஆம்புலன்ஸ் வருகிறது, சத்தத்தைச் சட்டென்று குறைக்க வேண்டும், நான் ஓடும் வண்டியில் திரையில் ஒரு கோட்டைத் தேடித் தடவிக்கொண்டிருக்கிறேன். ஸ்டியரிங்கில் பட்டன் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒவ்வொரு படியாக இறங்கும், அதற்குள் ஆம்புலன்ஸ் மருத்துவமனையே போய்ச் சேர்ந்துவிடும். சத்தமாகக் கேட்கிறவனுக்குத்தான் ஒரே திருகலில் குறைக்கும் வசதி தேவை. பேஸுக்குத் தனியாக ஒயர் ரிமோட் குமிழ் உங்கள் ஆம்ப்போடு வந்திருந்தால் கியருக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், நான் அப்படித்தான் சமாளிக்கிறேன். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

15 அங்குலம். கோனின் பரப்பு கூடுவது நிஜமாகவே உதவும், நான் அதை எதிர்க்கவில்லை. ஆனால் போர்ட் போட்ட 15-க்கு உள்ளே 100 லிட்டர் அளவில் தேவைப்படும், வெளியே 140, 150 என்று போகும். தினமும் ஓட்டும் வண்டியில் அதன் பிறகு பையை எங்கே வைப்பீர்கள்? சீல்டு பெட்டியில் 15 போட்டு இடத்தை மிச்சப்படுத்தலாம், அதுவும் ஒரு வழி, ஆனால் சப்பும் புதிது பெட்டியும் புதிது என்று இரட்டைச் செலவு. முதலில் இருக்கிற 12-ஐ அதற்கான பெட்டியில் கேளுங்கள், போதவில்லை என்றால் அப்புறம் 15 பற்றிப் பேசலாம்.

எந்தப் பெட்டி கட்டினாலும் அதைத் தரையோடு கட்டிவிடுங்கள். என் பெட்டி சப்போடு சேர்த்து ஓர் ஆள் தூக்கத் திணறும் எடை. திடீர் பிரேக்கில் அது பின்சீட்டு முதுகில் வந்து மோதும், அங்கே உட்காருவது நம் வீட்டு ஆட்கள். இரண்டு எல் கிளாம்ப், ஒரு பெல்ட் போதும். வயருக்கு நடுவில் பிடுங்கி மாட்டும் கனெக்டர் ஒன்று வைத்தால், ஊருக்குப் போகும்போது பெட்டியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம்.