வெளிச்சக் குடுவையும் இருட்டுக் குடுவையும்

அன்புள்ள ஐயா,

பல்கலைக்கழகம் ஒன்றில் கடல் பாக்டீரியாக்கள் ஒளியை எப்படி உணர்கின்றன என்று ஆராய்கிறேன். ஒளியை வாங்கும் புரோட்டியோரோடாப்சின் என்ற புரதத்தின் மரபணு உள்ள ஒரு வகையை வெளிச்சத்திலும் இருட்டிலும் வளர்த்தேன். இரண்டு வளர்ச்சிக் கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிட்டன. “இதை வைத்து என்ன கட்டுரை எழுதப்போகிறாய்?” என்கிறார் நெறியாளர். வேறு துறைக்குப் போய்விடலாமா? இன்னொன்று, பாக்டீரியாவுக்குப் பார்வை உண்டு என்று பொதுக் கட்டுரையில் எழுதலாமா?

ஓர் ஆய்வாளர்

அன்புள்ள நண்பருக்கு,

பார்வை என்றெல்லாம் எழுதாதீர்கள். உங்கள் புரதம், வெளிச்சம் பட்டால் புரோட்டானைச் செல்லுக்கு வெளியே தள்ளி, அதன்மூலம் செல்லுக்குச் சக்தி தரும் ஒரு பம்பு. வெளிச்சப் புள்ளியைவிட்டு வெளியே போகும் பாக்டீரியா சட்டென்று பின்வாங்குவதை ஜெர்மானிய விஞ்ஞானி எங்கெல்மன் 1880களிலேயே பார்த்துவிட்டார். அது வேறு கதை. விடுங்கள்.

படிந்துபோன கோடுகளுக்கு வருகிறேன். சில நாட்களாக நானும் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இந்த மரபணு 2000இல் கிடைத்தது. கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடா நீரிலிருந்து எடுத்த டிஎன்ஏவில், அதுவரை யாரும் வளர்த்திராத ஒரு பாக்டீரியாவுக்குரிய துண்டில் அது இருந்தது. ஓடெட் பேஜாவும் எட்வர்ட் டிலாங்கும் அவர்கள் குழுவினரும் அதை ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து, ரெட்டினாலைச் சேர்த்தார்கள். நம் விழித்திரையில் இருக்கும் அதே ரெட்டினால்தான். செல்கள் சிவந்தன, வெளிச்சம் பட்டதும் புரோட்டான் வெளியேறியது.

அந்தச் சிவப்பை நானும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். ஓர் ஆராய்ச்சி மாணவி சுழற்றி எடுத்த இரண்டு குழாய்களைக் கையில் கொடுத்தார். ஒன்றின் அடியில் வெளிறிய மஞ்சள் படிவு, மற்றதில் இளஞ்சிவப்பு. ஜன்னல் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கே கீழே போட்டுவிடுவேனோ என்று அவர் கையை நீட்டியபடியே இருந்தார். ‘இவ்வளவு அழகான பம்பு, வெளிச்சத்தில் தடதடவென்று வளராமலா இருக்கும்?’ என்று நானும் நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

2005இல் ஜியோவன்னோனி குழு, கடலில் எங்கும் நிறைந்திருக்கும் பெலாஜிபாக்டர் என்ற பாக்டீரியாவை வைத்துச் சோதித்தது. புரதம் இருந்தது. ஆனால் வளர்ச்சியில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் வித்தியாசமே இல்லை. அதை மறைக்காமல் நேச்சர் இதழில் எழுதினார்கள். உங்கள் நெறியாளரிடம் இதை மட்டும் சொல்லுங்கள், போதும்.

இப்போது கோபமாக ஒன்று கேட்கிறேன். அந்த பாக்டீரியாவுக்கு என்ன உணவு கொடுத்தீர்கள்? இவ்வளவு வருத்தத்தை எழுதியவர் அதை எழுதவே இல்லையே! பெப்டோனும் ஈஸ்ட் சாறும் தாராளமாக ஊற்றியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். வயிறு முட்டச் சாப்பிட்டவனிடம் போய்ப் பசிக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். திறந்த கடலில் அப்படி எது கிடைக்கிறது? கரைந்த கரிமப் பொருள் சொற்பம், அதற்கும் ஆயிரம் போட்டி.

2007இல் மத்தியதரைக் கடலின் டோக்டோனியா என்ற பாக்டீரியா வகை ஒன்றை உணவு குறைந்த கடல்நீரில் வளர்த்தபோதுதான் வெளிச்சத்தில் இருந்தவை கூடுதலாகப் பெருகின. 2010இல் இதே மரபணு உள்ள விப்ரியோ என்ற இன்னொரு கடல் பாக்டீரியாவைப் பட்டினி போட்டார்கள். வெளிச்சத்தில் இருந்தவை தாக்குப்பிடித்தன. மரபணுவை நீக்கியதும் அந்தத் தெம்பு போனது, திரும்ப வைத்ததும் வந்தது. 2011இல் அதே பெலாஜிபாக்டர்! கார்பன் தீர்ந்த பிறகு, இருட்டில் இருந்தவை தம் உடலில் இருந்ததையே எரித்துச் சுருங்கின. வெளிச்சத்தில் இருந்தவை செல்லின் சக்தி நாணயமான ஏடிபியைக் காப்பாற்றிக்கொண்டன. 2005இன் முடிவு பொய்யாகவில்லை பாருங்கள். உணவு தீர்ந்த பிறகு கேட்க வேண்டிய கேள்வி அது, அவ்வளவுதான்.

உங்கள் கோடு எங்கே நிற்கிறது? வளர்ச்சி சமநிலைக்கு வந்ததும் குடுவையைக் கழுவி வைத்துவிட்டீர்கள், இல்லையா? சோதனை தொடங்குவதே அங்கேதான். கழுவாதீர்கள். உணவில்லாமல் நாள்கணக்கில் விட்டு, தினமும் கொஞ்சம் எடுத்து, எத்தனை செல் உயிரோடு இருக்கிறது என்று எண்ணுங்கள். சலிப்பான வேலைதான், செய்யுங்கள். அலுமினியத் தாள் சுற்றிய குடுவையும் சுற்றாத குடுவையும் ஒரே வெப்பநிலையில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். விளக்கின் சூட்டை ஒளியின் பலன் என்று எழுதிவிட்டால் மானம் போய்விடும்.

துறை மாறுவது பற்றி அப்புறம் பேசலாம். விளக்கு என்ன நிறம் என்றும் நீங்கள் சொல்லவில்லை. இந்தப் புரதங்களில் 520 நானோமீட்டர் பச்சையை வாங்குபவை உண்டு, 490 நீலத்தை வாங்குபவையும் உண்டு. உங்களுடையது எது என்று பார்த்து எழுதுங்கள்.